வட்டம் போட்ட சிலிண்டர்

எங்கள் வீட்டில் யார் புது வண்டி வாங்கினாலும் முதலில் நான்தான் ஏறி உட்கார வேண்டும். வீட்டுப் பொம்பளப் புள்ள ஏறிய வண்டிக்கு ஒரு குறையும் வராது என்பது அம்மாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. அப்பாவின் பழைய கார், பக்கத்து வீட்டுக்காரரின் மீன் லாரி, எதிர்வீட்டு அக்காவின் ஸ்கூட்டர் என்று ஒன்பது வயதுக்குள் ஐந்தாறு வண்டிகளில் ஏறி ஆசி வழங்கியிருந்தேன். மீன் லாரிக்காரர் ஒரு கிலோ கெம்போங் மீனே கொடுத்தார். எல்லாரும் என்னை லெட்சுமி லெட்சுமி என்று கூப்பிட்டதில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிருந்தது. அந்தக் கனத்தை இறக்கிவிட்ட வண்டி ஒன்று உண்டு. அதைப் பற்றி இதுவரை யாரிடமும் வாய் திறந்ததில்லை.

அது பெரியப்பாவின் மோட்டார். மலேசியாவில் எங்கள் பேராக் பக்கம் மோட்டார் சைக்கிளை யாரும் முழுசாகச் சொல்வதில்லை, மோட்டார் என்றால் போதும். பெரியப்பா லூமுட்டில் கடற்படை முகாமில் வேலை பார்த்தார். இளவட்டமாக இருந்தபோது அவர் ஓட்டிய இரட்டை சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் வண்டி அது. இன்ஜின் கெட்டுப்போய் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் பல வருஷமாகக் கிடந்தது. அதன் சீட்டில் கோழி முட்டையிடும். அதைத்தான் என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு விருந்தில் வெட்கத்தை விட்டுக் கேட்டார்.

மாமா எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். ஏர்கோன் மாட்டும் வேலை. அதற்கு முன்னால் நாலு வேலைக்குப் போய் நாலையும் விட்டவர். குடும்பத்தில் அவருக்கு இருந்த மரியாதையைச் சொல்ல வேண்டுமென்றால், விருந்துகளில் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்க மறந்துவிட்டு, "அட, நீயும் வந்திருக்கியா?" என்பார்கள். அன்றைக்குப் பெரியப்பா அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். "எடுத்துக்கிட்டுப் போ. செஞ்சு, ஓட்டிக்கிட்டு வந்து என் வீட்டு வாசல்ல நிறுத்து. வண்டி ஒனக்கே. லாரியில ஏத்திக்கிட்டு வந்தியோ, வண்டி எனக்கு. அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். மறுவாரமே வாடகை லாரியோடு போய் அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டார்.

எங்கள் வீடு லகாட் பக்கம், கித்தா என்கிற ரப்பர் மரக் காட்டை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் இருந்தது. கார் நிறுத்துமிடத்தில் பாதியை மாமா பிடித்துக்கொண்டார். வேலை முடிந்து வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தாரென்றால் அவரைச் சுற்றிப் பால் டின் டின்னாக ஆணிகள். இன்ஜினுக்குள் புது பிஸ்டன் இரண்டு மாட்டி, அந்த பிஸ்டன்களின் அளவுக்கே சிலிண்டர் இரண்டையும் லகாட்டு ஒர்க்‌ஷாப் முதலாளி தவுக்கேயிடம் கொடுத்துக் கடைந்து வாங்கி வந்தார். சிலிண்டர் என்றால் பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய். வெளியே சூடு ஆறுவதற்காக வரிவரியாக மடிப்பு இருக்கும். போதாததற்குக் கோப்பெங் பழைய இரும்புக் கடையில் அதே மாதிரி இன்னொரு ஜோடி கிடைத்தது, அவசரத்துக்கு ஆகும் என்று அதையும் வாங்கினார். நாலையும் தேய்த்துப் பளபளப்பாக்கி வரிசையாக வைத்தார். கடைந்த ஜோடிக்குப் பின்பக்கத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். ஸ்பேர் ஜோடிக்குப் பெருக்கல் குறி. இது அவர் யாரிடமும் சொல்லிவிட்டுச் செய்த காரியம் இல்லை.

ஆயுத பூஜை வந்தது. அம்மாவுக்கு அன்றைக்கு வீட்டில் பொட்டு வைக்காத சாமான் ஒன்றும் இருக்கக் கூடாது. தையல் மெஷின், தேங்காய்த் துருவி, அரிவாமனை, அப்பாவின் கார், என் கணக்குப் புத்தகம், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். "மாமா சாமானையும் நல்லா தொடச்சு வை" என்று சொல்லிவிட்டு அம்மா கொண்டைக் கடலை தாளிக்கப் போய்விட்டார். மாமா வேலைக்குப் போயிருந்தார்.

துடைத்து வை என்றால் துடைத்து வைக்க வேண்டியதுதானே? நான் லெட்சுமி இல்லையா, எனக்கு அது போதவில்லை. நாலு சிலிண்டரையும் ஒவ்வொன்றாகத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வெளிக் குழாயடிக்குப் போனேன். பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு, பழைய பிரஷ்ஷால் மடிப்பு மடிப்பாகத் தேய்த்துக் கழுவினேன். துணியால் ஒற்றி எடுத்து, பாய் விரித்து வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தேன். அவ்வளவு அழகாக இருந்தது. தள்ளி நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது. நாலும் ஒரே மாதிரி இருந்தன. வட்டத்தையும் காணோம், பெருக்கலையும் காணோம்.

அந்தக் குறிகளுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. பெரியவர்கள் எழுதி வைத்ததை அழித்துவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது. கதவுக்குப் பின்னால் அம்மாவின் ரோத்தான் பிரம்பு தொங்கியது. பண்டிகை நாளில் அது இறங்காது என்றில்லை, போன தீபாவளிக்கே இறங்கியிருக்கிறது. பள்ளிப் பையில் ஒரு துண்டு சாக்பீஸ் கிடந்தது. எடுத்து வந்து, பொட்டு அழகாக விழுந்திருந்த இரண்டுக்குப் பின்னால் கோணலாக வட்டம் போட்டேன். மற்ற இரண்டுக்குப் பெருக்கல். அவ்வளவுதான், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் மாமா வந்து பார்த்துவிட்டு, "அலாமா! மருமவளே, கோயில் செலை மாதிரி ஆக்கிட்ட லா!" என்று என் தலையில் தட்டினார். அம்மாவுக்கும் பெருமை. நான் தப்பித்தோம் என்றே நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா இன்ஜினைப் பூட்டினார். நான் பக்கத்துப் படியில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா நாளிதழோடு வந்து நின்றார். ஒரு சிலிண்டர் வழுக்கிக்கொண்டு இறங்கியது. இன்னொன்றை மாமா இரண்டு கையாலும் அமுக்கினார்.

"இந்தப் பக்கம் கொஞ்சம் டைட்டா இருக்கு மச்சான். புதுசா கடைஞ்சது இல்ல, ஓட ஓட சரியாயிடும்."

"நாலும் ஒண்ணு மாதிரிதானே இருக்கு. எத மாட்டுனா என்ன?" என்றார் அப்பா.

மாமாவுக்கு யாராவது கேள்வி கேட்டால் போதும். கையைத் துடைத்துக்கொண்டு விளக்க ஆரம்பித்துவிட்டார். "ஐயையோ, மாத்திப் போட்டா கத முடிஞ்சிடும் மச்சான். ஒரு மயிரளவு வித்தியாசந்தான். மொதல்ல நல்லா ஓடும், ஒண்ணும் தெரியாது. தூரமா போவறப்ப சூடேறி பிஸ்டன் பெருத்து அப்படியே கவ்விக்கும். இன்ஜின் நின்னா பின் டயரும் நிக்கும். ஓடிக்கிட்டு இருக்கறப்ப டயர் நின்னுச்சுன்னா நாம நிக்க மாட்டோம், பறந்துடுவோம். அதான் வட்டம் போட்டு வச்சிருக்கேன்."

அப்பா 'ம்' என்று சொல்லிவிட்டு விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பினார். நான் எழுதிக்கொண்டிருந்த எழுத்து பாதியில் நின்றுவிட்டது. டைட், டைட் என்ற ஒரு சொல்லே காதில் விழுந்துகொண்டிருந்தது.

அன்றிலிருந்து பயம் என்னோடு பள்ளிக்கூடம் வந்தது, என்னோடு சாப்பிட்டது. சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை போனேன். முதல் தடவை மாமா சுத்தியலால் கட்டைவிரலை அடித்துக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவை அம்மா பக்கத்தில் இருந்தார். மூன்றாம் தடவை யாரும் இல்லை. மாமா நிமிர்ந்து, "என்ன மருமவளே?" என்றார். எனக்கு வந்த வார்த்தை, "தண்ணி வேணுமா மாமா?" என்பதுதான். கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு, "நீ ஒருத்திதான் இந்த வீட்ல என்னை மனுசனா மதிக்கிற" என்றார். இதற்கு மேல் எப்படிச் சொல்வது? அழித்ததைக்கூடச் சொல்லிவிடலாம். திரும்ப எழுதினேனே, அந்தக் கள்ளத்தனத்தை எப்படிச் சொல்வது?

மோட்டார் கிளம்பிய அன்று நீலப் புகை தாமான் முழுக்கப் பரவியது. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். மாமா தெருவைச் சுற்றி நாலு ரவுண்டு அடித்தார். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் கடைக்குப் போய் ரொட்டி வாங்கி வந்தார். அப்போதும் ஒன்றும் ஆகவில்லை. சரியாகத்தான் போட்டிருக்கிறேன் போல, சாமி காப்பாற்றிவிட்டது என்று நினைப்பேன். உடனே, "தூரமா போவறப்ப" என்று மாமா சொன்னது ஞாபகம் வரும். லூமுட் தூரம் இல்லாமல் என்ன?

நாள் குறித்தார்கள். அப்பா அம்மா தங்கச்சி மூவரும் காரில் முன்னால் போவது, மாமா மோட்டாரில் பின்னால் வருவது, மத்தியானம் பெரியம்மா வீட்டில் விருந்து. மாமாவின் பின்னால் லெட்சுமி. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, கேட்க வேண்டிய விஷயமாக யாருக்கும் தோன்றவும் இல்லை.

அன்று காலையில் மாமா பெட்ரோலில் எண்ணெய் கலந்தார். டூ ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு எண்ணெயும் சேர்த்துத்தான் ஊற்ற வேண்டும். அளப்பதற்குத் தங்கச்சியின் பழைய பால் போத்தலை எடுத்து வைத்திருந்தார். போத்தலைப் பிடித்தது நான். கை தவறிக் கொஞ்சம் சிந்தியதற்கு, "பாத்து ம்மா, இது கொறஞ்சா இன்ஜின் போயிடும்" என்று இன்னொரு அரை போத்தல் அளந்து தாராளமாகவே ஊற்றினார்.

கோயில், தாமான் முடிந்து செம்பனைக் காடு தொடங்கும் இடத்தில் இருந்தது. தோட்டம் போய்விட்டது, தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயம் போய்விட்டது, முனியாண்டி மட்டும் அதே இடத்தில் அரிவாளோடு நின்றார். பூசாரி மோட்டாருக்கு மாலை போட்டு, சூடம் காட்டி, இரண்டு டயருக்கு அடியிலும் எலுமிச்சம் பழம் வைத்தார். "பொம்பளப் புள்ளய ஏறச் சொல்லுங்க" என்றார்.

முனியாண்டியின் கண்ணைப் பார்க்கவே பயமாக இருந்தது. அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டேன்.

"வயிறு வலிக்குது ம்மா."

"நல்ல நேரத்துக்கு வந்தது பாரு இவளுக்கு வயித்து வலி!" அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான் முனகினேன். நான் ஏறாவிட்டால் நல்ல சகுனம் இல்லை என்று பயணத்தையே தள்ளிப் போட்டுவிடுவார்கள் என்று எனக்கு ஒரு எண்ணம். அம்மா அதற்கும் வழி வைத்திருந்தார். "சரி, நீ கார்ல வா. சின்னவள ஏத்துங்க. அவளும் பொம்பளப் புள்ளதானே."

தங்கச்சிக்கு அப்போது நாலு வயது. பட்டுப் பாவாடையோடு கையைத் தட்டிக்கொண்டு ஓடி வந்தாள். மாமா அவளைத் தூக்கி சீட்டில் வைத்து, "இடுப்பக் கெட்டியா புடிச்சுக்கணும், சரியா?" என்றார். அவளுடைய கை மாமாவின் இடுப்பில் பாதிகூட எட்டவில்லை. என் ஹெல்மெட்டை அவள் தலையில் கவிழ்த்தார்கள். அது மூக்கு வரைக்கும் இறங்கியது. அவள் உள்ளிருந்து சிரித்தாள்.

"எனக்கு வலி போயிடுச்சு!" என்று கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "போயிடுச்சு ம்மா, நானே போறேன். அவள இறக்குங்க."

"பொறாமையப் பாரு" என்றார் அம்மா. அப்பா சிரித்தார். தங்கச்சி இறங்க மாட்டேன் என்று அழுது அடம் பிடித்தாள், நான் அவள் காலைப் பிடித்து இழுத்தேன். முனியாண்டி முன்னால் முதுகில் ஒரு அடியும் வாங்கிக்கொண்டு நான் ஏறினேன். அந்த நேரத்தில்கூட உண்மையைச் சொல்லத் தோன்றவில்லை. தோன்றாமல் என்ன, தைரியம் வரவில்லை. எலுமிச்சம் பழம் நசுங்கும் சத்தம் என் காலுக்குக் கீழே கேட்டது.

பூசிங் வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை. மாமா குஷியில் இருந்தார். பாட்டு, நடுநடுவே ஹாரன். இடது கையைப் பின்னால் கொண்டுவந்து என் முட்டியைத் தட்டித் தட்டிப் பேசினார். "பாரு மருமவளே, ஈயம் தோண்டுன குட்டை! பாரு, எருமை! பெரியப்பா மூஞ்சிய இன்னைக்கு நீ பாக்கணும் லா!" அந்தக் கை வந்து தட்டும்போதெல்லாம் எனக்கு ஒரு மூச்சு திரும்பி வரும். நான் முனியாண்டியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். நூற்றெட்டுத் தோப்புக்கரணம், என் வெள்ளிக் கொலுசு, இரண்டு கட்டு சுருட்டு. சுருட்டு வாங்க எனக்கு யார் தருவார்கள் என்பதையும் அந்த பயத்திலேயே யோசித்தேன்.

சிப்புத்தே தாண்டியதும் வண்டியின் சத்தம் மாறியது. எப்படி என்று சொல்லத் தெரியவில்லை. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது தொண்டை கட்டினால் எப்படியோ அப்படி. மாமாவின் பாட்டு நின்றது. சாலையோரத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை முன்னால் நிறுத்தினார்.

எனக்கு மைலோ சொல்லிவிட்டு அவர் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். விரலை எச்சில் தொட்டு ஒரு சிலிண்டரில் வைத்தார். இன்னொன்றில் வைத்தபோது சுர் என்ற சத்தம் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கேட்டது. அப்புறம் தலையைச் சாய்த்து, மடிப்புகளுக்குப் பின்னால் எதையோ ரொம்ப நேரம் பார்த்தார். கைக்குட்டையை மடித்து அங்கே விட்டு எதையோ துடைத்தார். எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்தவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மைலோ கிளாஸைக் கீழே வைத்தேன்.

"மருமவளே, மாமாகிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல மாமா."

"நெசமா?"

தலையை ஆட்டினேன். அவர் கடைக்கு எதிரிலிருந்த பஸ் நிறுத்தத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். "வண்டிய இங்க போட்டுட்டு பஸ்ல போலாமா? நீ சொல்லு."

பஸ்ஸில் போனால் ஏன் என்று கேட்பார்கள். வண்டியைப் பிரிப்பார்கள். வட்டத்தைப் பார்ப்பார்கள். "வேணாம் மாமா, மோட்டார்லயே போலாம்" என்றேன். செத்துப் போவோம் என்று பயந்துகொண்டிருந்த அதே வாயால்தான் அதைச் சொன்னேன். பிடிபடுவது சாவதைவிடப் பெரிதாகத் தெரிந்தது எனக்கு. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது என்று இன்றைக்கு எனக்கு மாமா மேல் கோபம்கூட வருகிறது. ஆனால் அந்த வண்டி வாசலில் போய் நின்றாக வேண்டும் என்று அவருக்கும் எவ்வளவு ஆசை இருந்திருக்கும்!

இன்ஜின் ஆறட்டும் என்று அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கிளம்பினோம். அதற்கப்புறம் மெதுவாக, ஓரமாகவே போனார். லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. பாட்டு இல்லை. எருமை, குட்டை ஒன்றும் இல்லை. முக்கியமாக, அந்தக் கை வரவில்லை. நான் முட்டியைக் கொஞ்சம் வெளியே தள்ளி வைத்து, அவர் முதுகோரமாக எட்டியும் பார்த்தேன். வரவில்லை. மாமாவுக்குத் தெரிந்துவிட்டது, இனி என்னைத் தொடவே மாட்டார் என்று நினைத்தபோது அடக்க முடியாமல் அழுகை வந்தது. ஹெல்மெட்டுக்குள் மூக்கு ஒழுகி உதட்டில் உப்புக் கரித்தது. பயம் ஒரு பக்கம், இது ஒரு பக்கம். இதுதான் கூட வலித்தது.

போத்தாவில் பேராக் ஆற்றுப் பாலம் வந்தது. கீழே தண்ணீர் மண் நிறத்தில் அகலமாகக் கிடந்தது. பின்னால் ஒரு மணல் லாரி நெருங்கி வந்து, தாண்ட வழியில்லாமல் உறுமியது. மாமா வேறு வழியில்லாமல் வேகத்தைக் கூட்டினார். பாலம் முடிந்து ஐம்பது கெஜம்கூட இருக்காது. கீச்சென்று ஒரு சத்தம். இரும்பும் இரும்பும் பல்லைக் கடித்த மாதிரி இருந்தது. சீட்டுக்கு அடியில் டயர் ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. நான் "மாமா!" என்று அலறினேன்.

உடனே எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது. காற்று மட்டும் காதில் அடித்தது. வண்டி விழவில்லை. இன்ஜின் இல்லாமல், பறக்கிற மாதிரி உருண்டு, சாலையை விட்டு ஓரப் புல்லில் இறங்கி, ஒரு செம்பனை மரத்துக்கு முன்னால் போய் மெல்ல நின்றது. மணல் லாரி நாங்கள் இருந்த இடத்தின் மேல் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு போனது.

மாமா என்னை இறக்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, தலை, தோள், முட்டி, பாதம் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் மரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்து வாயைத் துடைத்துக்கொண்டு, "காலைல தின்ன வடை சேரல" என்றார். நான் நம்பினேன். வடை எனக்கும் கொஞ்சம் எண்ணெயாகத்தான் இருந்தது.

கைப்பேசியை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டேன்.

"மச்சான், இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு. இல்ல இல்ல, பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. நாந்தான் மடையன். பெட்ரோல்ல எண்ணெய் கலக்க மறந்துட்டேன்."

எண்ணெயா! அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வேன்? என்னால் இல்லை. என் வட்டத்தால் இல்லை. எண்ணெயால்! பால் போத்தலைப் பிடித்துக்கொண்டு நின்றதே நான்தான், சிந்தியதும் நான்தான், அதற்கும் சேர்த்து அவர் ஊற்றியதைப் பார்த்ததும் நான்தான். அது ஒன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகத்துக்கு வராமல் நான் பார்த்துக்கொண்டேன் போலிருக்கிறது. அப்பா அனுப்பிய லாரி வந்தபோது, டிரைவருக்கும் மாமாவுக்கும் நடுவில் உட்கார்ந்து நான் பாட்டே பாடினேன்.

பெரியப்பா வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லாரியில் வந்து இறங்கிய மோட்டாரைப் பார்த்து இடுப்பில் கை வைத்துச் சிரித்தார். "டூ ஸ்ட்ரோக்குக்கு எண்ணெய் ஊத்த மறந்த ஒரே மெக்கானிக்கு ஒலகத்துல நீதான்யா!" பெரியம்மா சிரித்தார், அம்மாவும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். மாமா எல்லாரோடும் சேர்ந்து சிரித்தார். பெரியப்பாவே வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்த் தகரக் கொட்டகையில் பழைய இடத்தில் நிறுத்தி, கதவைச் சாத்தினார். மாமா அந்தப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. நான் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன்.

அதிலிருந்து மாமாவுக்குக் குடும்பத்தில் பெயரே 'எண்ணெய்' என்று ஆகிவிட்டது. அவருடைய கல்யாணத்தில்கூட, "கல்யாணப் பொண்ணே, பாத்துக்கம்மா, தாலி கட்ட மறந்துடப் போறான்" என்றார்கள். நானும் சிரித்தேன். அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா வழக்கம்போல எனக்கு உத்தரவு போட ஆரம்பித்தபோது, மாமா குறுக்கே வந்தார். "இந்த வருசம் என் சாமான நானே கழுவிக்கிறேன் க்கா. அது படிக்கட்டும்." எனக்கு அது கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. போன தடவை நன்றாகத்தானே பொட்டு வைத்தேன் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் ஈப்போ டவுனுக்கு வேலைக்கு மோட்டாரில்தான் போகிறேன். லைசன்ஸ் எடுக்கப் பழகியபோது, சொல்லிக் கொடுத்த அக்கா என் இடது கையைத் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். "கிளட்ச்சு மேல சும்மா சும்மா ரெண்டு வெரல வைக்காத லா. யாருகிட்ட கத்துக்கிட்ட இத?" யாரிடமும் கற்கவில்லை. அன்றைக்கு மாமாவின் முதுகோரமாக எட்டி என் கண் பார்த்து வைத்திருந்ததைக் கை செய்கிறது என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. மாமாவைக் கூப்பிட்டேன். அவர் இப்போது இரண்டு வேன் வைத்து ஏர்கோன் தொழில் நடத்துகிறார்.

"பழைய டூ ஸ்ட்ரோக்குல போறவங்க ஏன் மாமா கிளட்ச்சு மேலயே வெரல வச்சிருப்பாங்க?"

"எல்லா நேரமும் வைக்க மாட்டாங்க. இன்ஜின் ஜாம் ஆகப் போவுதுன்னு சந்தேகம் இருந்தா வைப்பாங்க. கவ்வுன ஒடனே கிளட்ச்சப் புடிச்சுட்டா டயர் நிக்காது, வண்டி உருண்டு போயிடும். அரை செகண்டுதான். கைய எடுத்திருந்தா அவ்ளோதான்." அப்புறம், "ஏன் கேக்குற?" என்றார்.

"சும்மாதான் மாமா" என்றேன். அன்றைக்கு மாதிரியே இன்றைக்கும் சொல்லத் தைரியம் வரவில்லை.

சிப்புத்தே வரைக்கும் என் முட்டியைத் தட்டிக்கொண்டு வந்த கை அதற்கப்புறம் ஏன் ஒரு தடவைகூட வரவில்லை என்று ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே வந்தாளே, அந்தப் பிள்ளைக்கு இது தெரியாது. கைக்குட்டையால் துடைத்த அந்தக் கோணல் வட்டம் யார் போட்டது என்று தெரிந்த பிறகும், அத்தனை தூரமும் அந்தக் கை அவளைத்தான் பிடித்துக்கொண்டு வந்தது.